குரலைப் பெருக்கிய கண்ணாடிக் குழாய்

தன் குரலைத் தொண்டையின் வலிமைக்கு அப்பால் கொண்டுசெல்ல மனிதன் நெடுங்காலம் முயன்று வந்தான். பறை அறைந்தான், கொம்பு ஊதினான், கோபுரத்தில் மணி கட்டினான். ஆயினும் ஒருவர் பேசும் பேச்சைச் சொல் சிதையாமல் ஐம்பதினாயிரம் பேர் ஒரே வேளையிற் கேட்பது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தத்திலேதான் கைகூடிற்று. அதனைக் கைகூடச் செய்த கருவி, வானொலி திருத்துவோர் 'வால்வு' என்று வழங்கும் கண்ணாடிக் குழாய். அக்குழாய்களுள்ளும் ஒலிபெருக்கியை இயக்கப் போதிய வலுவைத் தரும் வகைக்கு வலுவால்வு என்று பெயர். இக்கட்டுரையின் பொருள் அதுவே.

விஞ்ஞான வரலாறு எழுதுவோர் பலர் இக்குழாயின் கதையை மேதைகளின் வரிசையாகவே சொல்லிச் செல்வர். ஒருவர் கண்டார், மற்றொருவர் திருத்தினார், மூன்றாமவர் செப்பமாக்கினார் என்று அக்கதை முடியும். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று. குழாயினுள் இத்தனை கம்பிச் சுருள்கள் இருப்பதற்கும் அவை இவ்வாறு அமைந்திருப்பதற்கும் இயற்கை விதிகள் ஒரு காரணம். அறிவு யாருடைய உடைமை, கட்டணம் எவ்வாறு அறவிடப்பட்டது, யாருடைய விரல்கள் அதனை ஆக்கின என்பன மற்றைய காரணங்கள். ஒரு பொருளின் உட்கூட்டிலேயே அதன் காலத்துச் சமுதாய உறவுகள் பதிந்துவிடுகின்றன என்பதற்கு வலுவால்வைப் போன்ற சான்று வேறு கிடைப்பது அரிது.

*

முதலில் குழாய் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழினுள் ஓர் உலோக இழை, அல்லது இழையால் வெப்பமூட்டப்படும் ஓர் உலோகக் குழல், செந்நிறமாகத் தணல்கிறது. இது கதோட்டு. சூட்டின் மிகுதியால் அதிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படுகின்றன. சற்றுத் தள்ளிச் சூழ நிற்கும் உலோகத் தகடு அனோட்டு. அதற்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் இலத்திரன்கள் அதனை நோக்கிப் பாயும், எதிர்த்திசையிற் பாயா. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியரும் மார்க்கோனி கம்பனியின் ஆலோசகருமான அம்புரோஸ் பிளெமிங் 1904இல் இந்த ஒருதிசைப் பாய்ச்சலை வானலைகளைப் பிடிக்கப் பயன்படுத்தினார். ஒருபுறமாக மட்டும் திறக்கும் கதவு போன்றமையால் 'வால்வு' என்று பெயரிட்டார். ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ற், கம்பனிக்குச் சென்றது.

1906இல் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் கதோட்டுக்கும் அனோட்டுக்கும் இடையே வளைத்த கம்பி ஒன்றை நுழைத்தார். நெய்யரி எனப்படும் அக்கம்பிக்குக் கொடுக்கும் சிறு மின்னழுத்த மாற்றம், அனோட்டை நோக்கிப் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. வாய்க்காலின் மடையை ஒரு கையால் அசைக்க, வயலுக்குப் பாயும் நீர் முழுவதும் அதற்கேற்ப அசைவதை இதற்கு ஒப்பிடலாம். மூன்று உறுப்புகள் உள்ளமையால் இது மூவாயி. இதற்கு 1908இல் ஆக்கவுரிமை கிடைத்தது. தாம் ஆக்கியது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை டி பொறெஸ்ற் சரிவர உணரவில்லை. குழாயில் எஞ்சிய வாயுவே செயலுக்குக் காரணமென்று எண்ணினார். வாயுவை முற்றாக அகற்றினாலே குழாய் ஒழுங்காக இயங்கும் என்பதை வெஸ்டேர்ண் இலெக்ரிக் நிறுவனத்தின் ஹரோல்ட் ஆர்னல்டும் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தின் ஏர்விங் லாங்மியூரும் 1912, 1913 ஆண்டுகளிற் காட்டினர். அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி 1913இல் 50,000 டொலர் கொடுத்துத் தொலைபேசிக்கான உரிமையை டி பொறெஸ்றிடமிருந்து வாங்கியது. 1915 சனவரி 25ஆம் நாள் நியூயோர்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் தொலைபேசியில் இணைந்தபோது, வழியில் தேய்ந்துபோகும் குரலை மீண்டும் மீண்டும் உயர்த்திவிட்டவை இக்குழாய்களே.

இதற்கிடையில் இரு ஆக்கவுரிமைகளும் நீதிமன்றத்திற் சந்தித்தன. மூவாயி பிளெமிங்கின் உரிமையை மீறுகிறது என்று 1916இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்க்கோனி கம்பனியாலும் டி பொறெஸ்றின் நெய்யரியைத் தொட முடியவில்லை. விளைவு விசித்திரமானது. உலகின் மிகப் பயனுள்ள மின்கருவியை உரிமையாளர் இருவரில் எவரும் மற்றவரின் அனுமதியின்றிச் செய்ய இயலாத நிலை தோன்றிற்று.

இந்த முடிச்சை அவிழ்த்தது போர். 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியதும், படைக்கு வேண்டிய குழாய்களை எவரும் செய்யலாம், உரிமை வழக்குகளின் பொறுப்பை அரசு ஏற்கும் என்ற ஏற்பாடு வந்தது. பிரான்சில் குஸ்தாவ் பெரியே என்னும் படையதிகாரியின் மேற்பார்வையில் உருவான இராணுவ வால்வு 1915 முதல் பெருந்தொகையாக உற்பத்தியாயிற்று. தனியுடைமையின் வேலி மக்களின் தேவைக்காகத் தகர்க்கப்படவில்லை. பீரங்கிகளின் தேவைக்காகவே தற்காலிகமாக விலக்கப்பட்டது. போர் முடிந்ததும் பெருங்கம்பனிகள் தம் உரிமைகளை ஒன்றாகத் திரட்டிக்கொண்டன; 1919இல் ஆர்.சி.ஏ. என்னும் அமெரிக்க வானொலிக் கூட்டுத்தாபனம் எழுந்தது. பிளெமிங்கின் அமெரிக்க உரிமை செல்லாதென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1943இல். அதற்குள் அந்த உரிமையின் ஆயுட்காலம் முடிந்து பல ஆண்டுகள் கழிந்திருந்தன.

*

தொடக்ககால வால்வுகள் காதிற் பொருத்தும் கேள்கருவிக்குப் போதுமான மெல்லிய ஒலியையே தந்தன. ஒலிபெருக்கியின் கூம்பினை அசைப்பதற்குப் பன்மடங்கு வலு வேண்டும். ஆகவே வலுவால்வின் உருவம் வேறுபட்டது. மிகுதியான இலத்திரன்களை உமிழப் பெரிய கதோட்டு. அவை மோதுவதால் எழும் வெப்பத்தைத் தாங்கி வெளியே விடுவதற்கு அகன்ற, கருமையூட்டிய அனோட்டு. மின்னோட்டம் தாராளமாகச் செல்ல இடைவெளிவிட்டுச் சுற்றிய நெய்யரி. சிறிய வால்வுகள் குரலை உயர்த்திக் கொடுக்க, இறுதியில் நிற்கும் வலுவால்வு அதனை வேலை செய்யும் ஆற்றலாக மாற்றும்.

இதன் சமுதாய விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1919 செப்ரெம்பர் 19ஆம் நாள் சான் டியேகோ நகர விளையாட்டரங்கில் அமெரிக்க சனாதிபதி வூட்றோ வில்சன் பேசியபோது, சுமார் ஐம்பதினாயிரம் மக்கள் மக்னவொக்ஸ் நிறுவனத்தின் ஒலிபெருக்கிகளின் வழியே அவர் பேச்சைக் கேட்டனர். அதுவரை பெருங்கூட்டத்திற் பேசுவோருக்கு வெண்கலக் குரல் வேண்டியிருந்தது. இனி மெல்லப் பேசுவோரும் பெருந்திரளிடம் பேசலாம். ஆனால் கருவி யாரிடம் உள்ளதோ அவரே பேசலாம் என்ற நிலையும் அன்றே உடன்பிறந்தது.

1927இல் 'ஜாஸ் பாடகன்' என்னும் பேசும்படம் வெளியானபின் திரையரங்குகள் வலுவால்வுகளின் பெருஞ்சந்தையாயின. வெஸ்டேர்ண் இலெக்ரிக் தன் அரங்கக் கருவிகளை விற்பனை செய்யாது, நீண்டகால உடன்படிக்கையின் பேரில் அரங்குகளுக்கு விட்டுக் கட்டணம் பெற்றது. அக்கருவிகளுக்கென ஆக்கப்பட்டு 1938இல் வெளிவந்த 300பி என்னும் மூவாயி இன்றும் இசைப்பிரியர் போற்றுவது. தனித்து இயங்கும்போது அது தருவது சுமார் 8 வாற்று வலு. திறன் மிக்க கொம்பு ஒலிபெருக்கியுடன் சேர்ந்தால் ஓர் அரங்கினை நிரப்ப அத்துணை போதும். பேசும்படக் கருவி அரங்கில் நுழைந்தபோது, மௌனப்படங்களுக்கு வாத்தியம் இசைத்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான கலைஞர்கள் வெளியேறினர். கருவி அவர்களை வெளியேற்றியது என்பது பழைய பேச்சு. கருவியால் மிச்சமான கூலி யாருடைய பையிற் சேர்ந்தது என்பதே கேட்கவேண்டிய வினா.

*

இனி, உரிமைக் கட்டணம் குழாயின் வடிவத்தையே மாற்றிய கதைக்கு வருவோம். பிரித்தானியாவில் 1920களில் வானொலிப் பெட்டி செய்வோர் மார்க்கோனி கம்பனிக்கு வால்வுத் தாங்கி ஒன்றுக்கு 12 சிலிங் 6 பென்ஸ் செலுத்தவேண்டியிருந்தது. எண்ணிக்கை கூடினாற் கட்டணமும் கூடும். ஆகவே குறைந்த வால்வுகளைக் கொண்டு நிறைந்த வேலையை வாங்கும் பெட்டிகளையே அங்குள்ளோர் ஆக்கினர். ஜேர்மனியிலும் கட்டணம் வால்வுகளின் எண்ணிக்கையைக் கொண்டே கணிக்கப்பட்டது. அங்கே லோவே நிறுவனம் 1926இல் 3என்.எப். என்னும் அதிசயக் குழாயை வெளியிட்டது. இறுதி வலுவுக்குரியது உட்பட மூன்று மூவாயிகளும் அவற்றை இணைக்கும் தடைகளும் கொள்ளளவிகளும் ஒரே கண்ணாடியினுள் அடக்கப்பட்டிருந்தன. ஒரு குழாய்க்கே கட்டணம்! பல உறுப்புகளை ஒன்றாக்கும் பிற்கால மின்னணுச் சில்லுகளின் முன்னோடியென அதனைப் புகழ்வோர் உளர். புகழத்தக்கதே. எனினும் அதன் பிறப்புக்குக் கட்டணப் பட்டியலும் ஒரு தாய் என்பதை மறக்கலாகாது.

இதனினும் தெளிவான சான்று ஐவாயியும் கற்றை நால்வாயியும். மூவாயியின் குறை அதன் திறன் தாழ்வு. உண்ணும் மின்சாரத்தில் சிறு பங்கே ஒலியாகும். நெய்யரிக்கும் அனோட்டுக்கும் நடுவே நேர் மின்னழுத்தமுள்ள இன்னொரு நெய்யரியை வைத்தால் குழாயின் ஆற்றல் பெருகும். இது திரை நெய்யரி, குழாய் நால்வாயியாகிறது. ஆனால் ஒரு தொல்லை உண்டு. வேகமாக வந்து மோதும் இலத்திரன்கள் அனோட்டிலிருந்து வேறு இலத்திரன்களைத் தெறிக்கச் செய்கின்றன. அனோட்டின் அழுத்தம் தாழும் கணத்தில் அவை திரை நெய்யரிக்கு ஓடிவிடுகின்றன. இதனால் மின்னோட்டக் கோட்டில் ஒரு கோணல் விழுகிறது, ஒலி சிதைகிறது.

ஒல்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பேர்னாட் டெலஹன் 1926இல் இதற்குத் தீர்வு கண்டார். திரைக்கும் அனோட்டுக்கும் இடையே கதோட்டுடன் இணைத்த மூன்றாவது நெய்யரியைச் சேர்த்தார். தெறிக்கும் இலத்திரன்களை அது அனோட்டுக்கே திருப்பிவிடும். இதுவே ஐவாயி. சிறிய வானொலிப் பெட்டியும் ஒலிபெருக்கியில் உரக்கப் பாட இதனால் வழி பிறந்தது. உரிமை பிலிப்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது.

மூன்றாம் நெய்யரியைத் தொட்டால் கட்டணம். தொடாமல் கோணலை நீக்க முடியுமா? இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் கபட் புல், சிட்னி றொடா என்போர் 1933இல் இக்கேள்விக்கு விடை கண்டனர். முதல் நெய்யரியின் கம்பிகளுக்கு நேர் பின்னால், அவற்றின் நிழலில் மறையுமாறு, திரை நெய்யரியின் கம்பிகளை நிறுத்தினர். இலத்திரன்கள் தட்டை தட்டையான கற்றைகளாகக் கம்பிகளுக்கு இடையாற் சென்றன. பக்கங்களில் இரு தகடுகளை வைத்து அக்கற்றைகளை மேலும் ஒடுக்கி, அனோட்டைச் சற்றுத் தொலைவில் நிறுத்தினர். நெருங்கிச் செல்லும் இலத்திரன்களின் எதிர்மின்னேற்றமே அங்கே ஒரு தடையாகித் தெறிப்பவற்றைத் திருப்பி அனுப்பிற்று. கம்பியால் ஆகவேண்டிய வேலி இலத்திரன் கூட்டத்தாலேயே ஆயிற்று. கம்பி இல்லையாதலின் உரிமை மீறலும் இல்லை!

இவ்வமைப்பைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்வது கடினமென மார்க்கோனி-ஒஸ்ரம் வால்வுக் கம்பனி முதலிற் கருதியது. ஈ.எம்.ஐ.க்கும் ஆர்.சி.ஏ.க்கும் இடையே இருந்த உடன்படிக்கையால் அது அமெரிக்காவுக்குச் சென்றது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஓட்டோ சாட் அதனைச் செப்பமாக்க, 1936 ஏப்ரிலில் 6எல்6 வெளிவந்தது. இரு 6எல்6 வால்வுகள் சேர்ந்து 25 வாற்றுக்கு மேற்பட்ட வலுவைச் சிரமமின்றித் தந்தன. அடுத்த ஆண்டே மார்க்கோனி-ஒஸ்ரம் தன் கே.ரி.66 என்பதை வெளியிட்டது. அப்பெயரின் எழுத்துகள் குறிப்பது 'கோணலற்ற நால்வாயி' என்பதையே. தனியுரிமை சில வேளைகளிற் புத்தாக்கத்தைத் தூண்டும் என்று இதைக்கொண்டு வாதிடலாம். அதனை முற்றாக மறுக்கவேண்டியதில்லை. ஆனால் இரு பெருநிறுவனங்கள் கூலிகொடுத்து வைத்திருந்த அறிஞர்கள் ஒரே பிரச்சினைக்கு இரு வேறு தீர்வுகளைத் தேட நேர்ந்ததும், ஒன்றை ஒன்று பயன்படுத்த முடியாதிருந்ததும் எத்துணை வீண்செலவு என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும்.

*

அறிஞர்களின் பெயர்களாவது பதிவாகியுள்ளன. குழாயை ஆக்கிய கைகளுக்குப் பெயரில்லை. நெய்யரி என்பது தலைமயிரிலும் மெல்லிய கம்பியை இரு தண்டுகளிற் சமதூரத்திற் சுற்றுவது. அதனைக் கதோட்டின்மேல் உராயாமற் செருகி, நுண்ணிய துளைகளிற் பொருத்தி, ஒட்டவைக்கவேண்டும். கற்றை நால்வாயியில் ஒரு சுருளின் கம்பிகள் மற்றதன் நிழலில் நிற்கவேண்டும். இயந்திரங்கள் பல இருந்தபோதிலும் பொருத்தும் வேலையைப் பெரும்பாலும் செய்தவர் பெண்களே. பெண்களின் விரல்கள் நுட்பமானவை என்று முதலாளிகள் புகழ்ந்தனர். ஆணுக்குக் கொடுத்த கூலியை அந்த விரல்களுக்குக் கொடுக்க முன்வரவில்லை. 6எல்6 வெளிவந்த அதே 1936இல், யூன் மாதத்தில், ஆர்.சி.ஏ.யின் வானொலிப் பெட்டிகள் செய்யும் கம்டன் நகரத் தொழிற்சாலையில் பெண்கள் பெருந்தொகையினராய் இருந்த தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தம் சங்கத்தை ஏற்குமாறு பல வாரம் போராடினர். பின்னர் அந்நிறுவனம் தன் வேலைகளைக் கூலி மலிந்த புளூமிங்ரன் நகருக்கும், பல ஆண்டுகளின்பின் மெக்சிக்கோவின் எல்லை நகருக்கும் கொண்டுசென்றது.

இங்கிலாந்தில் பிலிப்ஸ் நிறுவனத்துக்குரிய முல்லார்ட் தொழிற்சாலை பிளக்பேர்ண் நகரில் 1938இல் எழுந்தது. பிளக்பேர்ண் நெசவாலைகளின் ஊர்; அதன் துணிகளுக்குப் பெருஞ்சந்தையாக இருந்தது இந்தியா. இந்தியாவில் ஆலைகள் பெருகியதாலும், யப்பானின் போட்டியாலும், அந்நியத் துணிப் பகிஷ்காரத்தாலும் அச்சந்தை வற்றியது. 1931இல் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்று, பக்கத்து நகரான டார்வெனில் வேலையிழந்த நெசவுத் தொழிலாளரைச் சந்தித்ததை நாம் அறிவோம். அப்பகுதியின் பெண்களிற் பலர் பின்னாளில் வால்வுத் தொழிலாளராயினர். உலகப் புகழ்பெற்ற ஈ.எல்.34, ஈ.எல்.84 முதலிய ஐவாயிகளை ஆக்கியவர்களும் அவர்களே.

உழைப்பின் சங்கிலி அங்கும் முடியவில்லை. குழாயின் உறுப்புகளை மேலும் கீழும் தாங்கி நிற்பவை மைக்காத் தகடுகள். நம் ஊரவர் காக்காப்பொன் என்பது அதனையே. சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது, ஏடு ஏடாகப் பிளக்கலாம். உலகின் வால்வுத் தொழிலுக்கு வேண்டிய தகட்டு மைக்காவின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, சிறப்பாக அன்றைய பீகாரின் கோடர்மா, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து சென்றது. சுரங்கத்திலிருந்து வந்த கட்டிகளைப் பெண்களும் சிறுவரும் தரையில் அமர்ந்து அரிவாள் போன்ற கத்தியினால் மெல்லிய ஏடுகளாகப் பிளந்தனர். லண்டனில் ஒரு பாடகியின் குரல் துலக்கமாகக் கேட்டபோது, அக்குரலைத் தந்த வால்வின் நடுவில் ஒரு பீகார்ச் சிறுவன் பிளந்த ஏடு இருந்திருத்தல் கூடும். அப்பகுதி இன்று சார்க்கண்ட் மாநிலம். வால்வுக்கான தேவை மறைந்தபின்பும் ஒப்பனைப் பொருள்களுக்கும் வண்ணப்பூச்சுகளுக்குமாக மைக்கா பொறுக்கும் குழந்தைகளின் துயரம் அங்கே தீரவில்லை.

*

ஆக்கியவர் கதை இது. பயன்படுத்தியவர் கதையும் ஒன்றுக்கொன்று முரணானது. நாஸிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜேர்மனியில் 'மக்கள் வானொலி' என்ற பெட்டி 76 மார்க்குக்கு விற்கப்பட்டது. அதன் பெயரிலுள்ள 301 என்ற எண், ஹிட்லர் பதவியேற்ற சனவரி 30ஐக் குறிப்பது. 1938இல் 35 மார்க்குக்கு அதனினும் மலிவான பெட்டி வந்தது. உள்நாட்டு நிலையங்கள் நன்கு கேட்கும். தொலைநாடுகள் எளிதிற் கேளா. கருவி மலிந்ததால் மக்களின் குரல் உயரவில்லை. ஒருவன் குரலே வீடுதோறும் உயர்ந்தது.

மாறாக, முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டைக் காண்போம். அங்கு மத்திய நிலையத்திலுள்ள வலுவிரியலாக்கிகளிலிருந்து கம்பி வழியே வீடுகளுக்கும் வீதிகளுக்கும் ஒலி சென்றது. நிகழ்ச்சி இல்லாத வேளையில் தாளமானியின் ஓசை ஒலித்துக்கொண்டிருந்தது. நகரம் உயிருடன் இருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. 1942 ஓகஸ்ற் 9ஆம் நாள், பசியால் நலிந்த கலைஞர்களைக் கொண்டு கார்ல் எலியாஸ்பேர்க் நடத்திய சொஸ்தகோவிச்சின் ஏழாம் சிம்பொனி, ஒலிபெருக்கிகள் வழியே நகரெங்கும் கேட்டது. எதிரியின் அணிகளுக்கும் கேட்டது. கம்பியின் மறுமுனை ஓர் அரசின் கையில் மட்டுமே இருந்தது என்பதும் உண்மையே. கேட்பவன் திருப்பிப் பேச அதில் வழியில்லை. கருவியின் குணம் அதனை ஆளும் உறவிலேயே தங்கியுள்ளது.

நம் நாட்டின் அனுபவமும் இத்தகையதே. இலங்கை வானொலியின் புகழ்பெற்ற குற்றலை ஒலிபரப்பி, இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் தன் படையினருக்காக நிறுவியது. இத்தகைய ஒலிபரப்பிகளிற் பேச்சையும் பாட்டையும் வானலைமேல் ஏற்றுவது பேருருவ வலுவால்வுகளின் வேலை. போருக்காக வந்த அக்கருவி, 1950களில் இந்திய அரசின் வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது, துணைக்கண்டமெங்கும் பாடல் கொண்டுசென்றது.

*

உரிமை வேலிகளைத் தாண்டிய ஒரு நிகழ்ச்சியும் இவ்வரலாற்றில் உண்டு. 1947 ஏப்ரில், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேல்ட்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் டி.ரி.என். வில்லியம்சன் என்ற இளம் பொறியியலாளர் ஒரு விரியலாக்கியின் முழு விவரத்தையும் வெளியிட்டார். இரண்டு கே.ரி.66 வால்வுகளை, திரையை அனோட்டுடன் சேர்த்து மூவாயி போல இயக்கி, 15 வாற்று வலுவைப் பெற்றார். வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் தொடக்கத்துக்கே எதிராகத் திருப்பியனுப்பிப் பிழையைக் குறைக்கும் முறையைப் பயன்படுத்தினார். இம்முறை 1927இல் அமெரிக்கரான ஹரோல்ட் பிளக் கண்டது. சிதைவு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. கம்பனிகளின் உச்சக் கருவிக்கு நிகரானதை ஒரு சஞ்சிகையின் விலைக்கு எவரும் அறிந்துகொள்ள முடிந்தது. பல நாடுகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் தொழில்நுட்பத் தொழிலாளரும் தம் கைகளாலேயே அதனைக் கட்டினர். அறிவு பொதுவில் வைக்கப்பட்டால் அதன் பயன் எத்துணை விரைவிற் பரவும் என்பதற்கு இது நற்சான்று.

பொறியியலாளர் சிதைவை ஒழிக்க முயன்ற அதே காலத்தில், சிதைவையே மொழியாக்கியோரும் இருந்தனர். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்திலிருந்து 1943இல் சிக்காகோ நகருக்கு வந்த கறுப்பினத் தொழிலாளரான மடி வாட்டர்ஸ், இரைச்சல் மிகுந்த விடுதிகளில் தம் கிதார் கேட்கவேண்டுமென்று மின்கிதாரைக் கையில் எடுத்தார். சிறிய விரியலாக்கியை அதன் எல்லைக்கப்பால் இயக்கினால் வலுவால்வு அலையின் உச்சியை மழுக்கிவிடும். ஒலி கரகரத்து, முனகி, அழும். ஏட்டிலே பிழை எனப்பட்டது அவர் போன்றோரின் கையில் இடம்பெயர்ந்த மக்களின் குரலாயிற்று. 1960களில் பிரித்தானிய இளைஞர் ஈ.எல்.34 வால்வுகளை எரியவிட்டு எழுப்பிய பேரொலி, அக்குரலின் வாரிசே. அதன் வருவாயிற் பெரும்பங்கு முதலிற் பாடியவரைச் சேரவில்லை.

*

1947 டிசெம்பரில் திரான்சிற்றர் தோன்றியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் வால்வின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. மார்க்கோனி-ஒஸ்ரம் ஆலையும் வெஸ்டேர்ண் இலெக்ரிக்கின் 300பி உற்பத்தியும் 1988இல் நின்றன. பிளக்பேர்ணின் பெண்களும் கலைந்தனர். எனினும் கிதார் வாசிப்போரும் செல்வந்த இசைப்பிரியரும் வால்வைக் கைவிடவில்லை. அவர்களுக்கு வேண்டிய குழாய்கள் பழைய சோசலிச நாடுகளின் ஆலைகளிலிருந்து வந்தன. சரத்தோவிலும் லெனின்கிராட்டிலும் இராணுவத்திற்காக வால்வு செய்த ஆலைகள், சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் மேற்குலகச் சந்தைக்கு உழைத்தன. ஓர் அமெரிக்க இசைக்கருவி நிறுவனம் சரத்தோவ் ஆலையையும் முல்லார்ட், ருங்-சொல் முதலிய பழம்பெயர்களையும் வாங்கிக்கொண்டது. இன்று 'முல்லார்ட்' என்று பொறித்த புதிய வால்வு வொல்கா நதிக்கரையில் ஆக்கப்படுவது. பெயர் விற்கப்பட்டது, அப்பெயருக்கு மதிப்பைத் தேடித்தந்த கைகளுக்கு அவ்விற்பனையிற் பங்கில்லை. 2022 மார்ச்சில் உக்ரேன் போரையொட்டி ருஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் இசைக்கலைஞர் கலங்கினர். மீண்டும் தொடங்கியபோது அமெரிக்காவின் மேலதிகச் சுங்கவரி விலையை ஏற்றிற்று. அமெரிக்காவில் மீண்டும் ஆக்கப்படும் 300பி சோடி ஒன்றின் விலை ஆயிரம் டொலரைத் தாண்டும். திரையரங்கில் ஏழைகள் கேட்ட எட்டு வாற்று, இன்று ஒருவர் தனியறையில் இருந்து கேட்கும் ஆடம்பரம்.

பாடசாலை ஆய்வுகூடத்தின் அலமாரியிலோ பழைய வானொலிப் பெட்டியிலோ ஒரு வலுவால்வு கிடைக்குமாயின், ஆசிரியர் அதனை மாணவர்க்குக் காட்டலாம். கதோட்டையும் அனோட்டையும் சொல்லிக்கொடுப்பதோடு நின்றுவிடாமல், நெய்யரிகளை எண்ணச் செய்து, அந்த எண்ணிக்கைக்குப் பின்னாலுள்ள வழக்கையும் கட்டணத்தையும் சொல்லவேண்டும். மைக்காத் தகட்டைக் காட்டிக் கோடர்மாவைச் சொல்லவேண்டும். கம்பிச் சுருளைக் காட்டிப் பிளக்பேர்ணையும் கம்டனையும் சொல்லவேண்டும். காற்றை அகற்றிய அந்தக் கண்ணாடியினுள்ளும் மனிதர் நிறைந்திருக்கின்றனர். பௌதிகப் பாடத்திலே அவர்களுக்கு இடம் கொடுத்தால், வருங்காலக் கருவிகளைப் பற்றியும் அதே கேள்விகளைக் கேட்க மாணவர் பழகுவர்.